ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை: உறுப்பினர்களின் பார்வைக்கு

உறுப்பினர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்த தலைக்கட்டுப் பணத்தைத் தவறாமல் அனுப்பிய நம் ஊர்ச் சொந்தங்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் ஊருணியைத் தூர்வாரிச் சீரமைக்கும் வேலை முடிந்தது. ஒன்றியப் பொறியாளர் இறுதி அளவெடுத்துவிட்டார், கடைசி பில் தொகையும் கணக்கில் ஏறிவிட்டது. பொதுக்குழு கூடும்போது கணக்கை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் முன்கூட்டியே எழுதி அனுப்புகிறோம். படித்துவிட்டு வந்து கேள்வி கேளுங்கள்.

அதிகம் பேர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். அரசும் மக்களும் பங்கு போட்டு ஊர் வேலை செய்யும் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று கட்டினால் போதும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புப் பகுதி என்றால் ஐந்தில் ஒன்றே போதும் என்றிருக்க, நாம் ஏன் சரிபாதி கட்டினோம்? மதிப்பீடு 20 லட்சம். மூன்றில் ஒன்று என்றால் ஏழு லட்சத்துக்குள் முடிந்திருக்கும். பத்து லட்சம் திரட்டியதில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் சுமை கூடியது உண்மைதான்.

காரணம் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. மக்கள் பங்கு பாதிக்குக் குறைந்தால் வேலை டெண்டருக்குப் போகும். பாதியோ அதற்கு மேலோ கட்டினால், பணம் கட்டியவர்களே வேலையைச் செய்யலாம், அல்லது தாங்கள் சொல்லும் ஆளிடம் கொடுக்கலாம். மேற்பார்வையும் அளவெடுப்பும் எப்போதும் போல ஒன்றியப் பொறியாளரிடம்தான். 1997-98இல் முதலில் வந்த இந்தத் திட்டம் 2011-12இல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தபோதும், 2021-22இல் பழைய பெயரோடு மறுபடி வந்தபோதும் இந்த ஏற்பாடு இருந்துவருகிறது. இதே ஊருணியை முன்பும் தூர்வாரியிருக்கிறார்கள். வேறு திட்டம், வேறு ஒப்பந்தக்காரர். நடுவில் கிண்ணம் மாதிரி தோண்டி, மண்ணைக் கரையின் உள்பக்கமே கொட்டிவிட்டுப் போனார்கள். முதல் மழையிலேயே பாதி மண் திரும்ப உள்ளே வந்துவிட்டது. அதைப் பார்த்த ஊருக்கு, மூன்று லட்சத்துச் சொச்சம் கூடுதலாகக் கொடுத்து வேலையை நம் கையில் வைத்துக்கொள்வது நட்டமாகத் தெரியவில்லை. குழுவின் கருத்து இன்றைக்கும் அதுதான்.

2025 ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போயிருந்தது. தலைவர் இருந்திருந்தால் டீக்கடையிலேயே பேசி முடித்திருக்கக்கூடிய சின்ன விஷயத்துக்குக்கூட ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. தீர்மான நகல், நில அளவை காட்டும் புலப்படம், ஊருணி புறம்போக்கு என்று காட்டும் அ-பதிவேட்டு நகல், நம் பங்குக்கான வரைவோலை எல்லாம் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் போனது. நிர்வாக அனுமதி வந்து, வைகாசியில் முதல் ஜேசிபி இறங்கியது.

அதற்கு முன் சீமைக்கருவேலம். ஊருணிக்குள் பாதியும், கண்மாயிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுவதும் அதுதான் நின்றது. “மரம் விற்ற காசு எங்கே?” என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கேட்டிருந்தார். புறம்போக்கு மரம் ஊராட்சியின் சொத்து. வனத்துறை மதிப்புப் போட்டு, ஊராட்சி ஏலம் விட்டு, பணம் ஊராட்சிக் கணக்கில் சேர்ந்தது. குழுவின் கைக்கு ஒரு பைசா வரவில்லை, வரவும் கூடாது. ஏலம் எடுத்தவர் விறகையும் கரிமூட்டத்துக்கு ஆகும் கட்டையையும் வெட்டிக்கொண்டு தூரை அப்படியே விட்டுவிட்டார். தூரோடு பிடுங்கினால்தான் மறுபடி தழைக்காது. அந்தச் செலவு மட்டும் நம் தலையில் விழுந்தது.

அடுத்தது மண்வேலை. எவ்வளவு ஆழம் என்பதில்தான் ஊருக்குள் பெரிய வாக்குவாதம். இளைஞர்கள் முடிந்த மட்டும் ஆழமாகத் தோண்டச் சொன்னார்கள். ஊருணியின் அடியில் இருப்பது களி. அதற்குக் கீழே சரளை. களியை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது, சரளை வழியே இறங்கிப் போய்விடும். நிலத்தடி நீர் ஊற வேண்டும் என்று வெட்டும் குளம் வேறு, மாசியிலும் பங்குனியிலும் தண்ணீர் நிற்க வேண்டிய ஊருணி வேறு. கிழக்குத் தெரு அப்பத்தா ஒருவர் தினமும் வந்து கரையில் உட்கார்ந்து, வாளி மண்ணின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வடமேற்கு மூலையில் கருப்புக் களியோடு செம்மண் நிறத்தில் பொடிக்கல் கலந்து வந்ததும், “டேய் தம்பி, நிறுத்துடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் ஜேசிபி ஓட்டுநர் பதறிப்போய் வண்டியை அணைத்துவிட்டார். அந்த மூலையில் அத்தோடு நிறுத்தி, அள்ளிய களியையே திரும்பப் போட்டு மிதித்துக் கெட்டியாக்கினோம். மதிப்பீட்டில் இருந்த ஆழத்தைவிட அங்கே குறைவு. அளவுப் புத்தகத்திலும் குறைவாகவே ஏறியிருக்கிறது, அந்த அளவுக்குப் பணமும் கேட்கவில்லை.

நடுவில் ஆங்காங்கே மண் திட்டுகளைத் தோண்டாமல் விட்டிருந்ததைப் பார்த்து, வேலை அரைகுறையாக நிற்கிறது என்று யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அவை பழைய தரைமட்டம் எது என்று பொறியாளருக்குக் காட்டுவதற்காக விட்டவை. திட்டின் உச்சிக்கும் தோண்டிய தரைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துதான் எத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம் என்று எழுதுவார்கள். கடைசி அளவெடுப்பு முடிந்ததும் அவற்றையும் எடுத்துவிட்டோம்.

எடுத்த வண்டலைக் கரையில் கொட்டி வைக்கவில்லை. தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் அவரவர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர், வீட்டு உபயோகத்துக்கு 30, மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60 என்பது அரசு வைத்திருக்கும் வரம்பு. 2024க்குப் பிறகு இந்த அனுமதியைத் தாலுகா அலுவலகத்திலேயே வாங்க முடிகிறது. இதனால் மண் கடத்தும் செலவு மிச்சமானது. செங்கல் சூளைக்கு மண் கேட்டுச் சிலர் வந்தார்கள். விலையும் நன்றாகத்தான் சொன்னார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

சரி, இனி வரத்துக்கால். குழு அதிக நேரம் செலவழித்ததும் அதிகத் திட்டு வாங்கியதும் இதற்குத்தான்.

ஊருணியைச் சுற்றி நடைபாதை போட்டு, பேவர் கல் பதித்து, கம்பிவேலி அடித்து, சோலார் விளக்கு வைக்கலாம் என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் விரும்பினார்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் தூர்வாரிய முந்தைய தடவையும் ஊருணி நிரம்பவில்லை. காரணம் தண்ணீர் வரும் வழி. கண்மாயிலிருந்து நமக்கு வரும் கால் புலப்படத்தில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு இருக்கிறது. தரையில் பார்த்தால் சில இடங்களில் ஆடு தாண்டும் அகலம்கூட இல்லை. சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றினோம். கால் தன் வயலோடு சேர்ந்துபோயிருந்த ஒருவரிடம் பேசுவதற்குத்தான் நாள் பிடித்தது. பெயர் வேண்டாம், ஊருக்கே தெரியும். புகார், நோட்டீஸ் என்று போகாமல், அவர் வயலுக்கு டிராக்டர் இறங்க ஒரு சிலாப் பாலம் போட்டுத் தருவதாகச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். அந்தச் செலவு கணக்கில் இருக்கிறது. இது சலுகை என்று நினைப்பவர்கள் பொதுக்குழுவில் சொல்லலாம். வழக்கு நடத்தினால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டுத்தான் குழு முடிவெடுத்தது.

கால் திறந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை. தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் பதித்திருந்த சிமெண்ட் குழாய்தான் அந்தச் சந்தேகம். பார்வைக்குச் சரியாகவே இருந்தது. கொத்தனார் டியூப் மட்டம் பிடித்தார். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய். குழாயின் அடிமட்டம் காலின் தரையைவிட இரண்டு சாணுக்கு மேல் உயரத்தில் இருந்தது. சாலையை உயர்த்திப் போட்டபோது குழாயையும் உயர்த்திப் பதித்துவிட்டிருக்கிறார்கள். கண்மாயில் தண்ணீர் வந்தாலும், இரண்டு சாண் உயரத்துக்குத் தேங்கிய பிறகுதான் சாலையைத் தாண்டும். அதற்குள் பக்கத்து வயல்களில் பரவி வடிந்துவிடும். எத்தனை வருடமாக மழை குறைந்துபோச்சு என்று பேசிக்கொண்டிருந்தோம்! சாலை ஒன்றியத்துச் சாலை என்பதால் அனுமதி வாங்கி, வெட்டி, இரண்டு வரிசைக் குழாயைச் சரியான மட்டத்தில் பதித்தோம். ஊருணிக்குள் தண்ணீர் விழும் முன் ஒரு வண்டல் தொட்டியும் கட்டியிருக்கிறோம். மண் அங்கேயே படிந்துவிடும். தொட்டியை அள்ளுவது எளிது, ஊருணியைத் தூர்வாருவது அப்படியல்ல.

ஊருணி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலிங்கு, படித்துறை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கலிங்கின் கற்களையே எடுத்து அடுக்கிப் பூசினோம். படித்துறையில் நான்கு படிகள் புதிது. கரையின் வெளிப்பக்கம் பனை விதை, புங்கன், நீர்மருது. உள்சரிவில் மரம் வைக்கவில்லை, வேர் கரையை விரிய வைக்கும்.

கணக்குக்கு வருவோம். மண்வேலையும் தூர் பிடுங்கியதும் சேர்த்து 7.6 லட்சம். வரத்துக்கால், சாலைக் குழாய், சிலாப் பாலம், வண்டல் தொட்டி 5.4 லட்சம். கலிங்கும் படித்துறையும் 3.7 லட்சம். ஜிஎஸ்டி, தொழிலாளர் நலநிதி, பெயர்ப்பலகை மற்றும் சில்லறை 3.3 லட்சம். ஆக 20 லட்சம். இதில் கடைசித் தொகையைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தீர்கள். வேலைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 1 விழுக்காடு கட்டுமானத் தொழிலாளர் நலநிதி. அரசு நமக்குக் கொடுத்த பத்து லட்சத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் வரியாகவே திரும்பிப் போயிருக்கிறது. இதை மாற்றுவது குழுவின் கையில் இல்லை, ஆனால் உறுப்பினர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இன்னொன்று, சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22 முதல். நம் வேலை ஆவணியிலேயே முடிந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டியிருந்ததால் காத்திருக்க வழியில்லை.

வங்கிப் புத்தகத்தில் வரவு பில் தொகையைவிடக் குறைவாக இருக்கிறதே என்று தணிக்கைக்கு அமர்ந்த இருவரும் கேட்டார்கள். வேலை எடுத்த கொத்தனார் பெயரில்தான் பில். அதில் வருமான வரியும், 2 விழுக்காடு ஜிஎஸ்டி டிடிஎஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அவை அவர் கணக்கில் வரவாகும். ரசீதுகளை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

பணம் வேலைக்கு முன்னால் வராது. செய்து, அளந்து, சரிபார்த்து, பிறகுதான் ஒவ்வொரு பில்லாக வரும். டீசலும் வாடகையும் கூலியும் அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டியவை. அந்த இடைவெளிக்கு ஊர்ப்பொதுப் பணத்திலிருந்து கைமாற்று வாங்கினோம். வட்டி இல்லை. முழுவதும் திருப்பிக் கட்டியாயிற்று, ரசீது ஊர்ப்பொதுக் கணக்கரிடம் இருக்கிறது. வேறு ஊரார் யாராவது இந்தத் திட்டத்தைப் பற்றி உங்களிடம் கேட்டால் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: தங்கள் பங்கைத் தவிர, கையில் சுழற்ற இன்னொரு தொகை இல்லாமல் வேலையைத் தாங்களே செய்வோம் என்று இறங்க வேண்டாம்.

ஐப்பசியில் கண்மாயில் தண்ணீர் திறந்த மறுநாள் சாலைக் குழாயைத் தாண்டி ஊருணிக்கு வந்துவிட்டது. கார்த்திகையில் ஊருணி நிரம்பிக் கலிங்கு வழியே தண்ணீர் விழுந்தது. வண்டல் தொட்டியில் முழங்கால் அளவுக்கு மண்ணும், அதற்குமேல் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் சேர்ந்திருக்கின்றன. பாதி நம் தெருக்களிலிருந்து வந்தவைதான்.

பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டியவை மூன்று. நமக்கு நாமே திட்டத்தில் பராமரிப்புக்குப் பணம் கிடையாது. வருடா வருடம் புரட்டாசிக்குள் வரத்துக்காலைச் செதுக்கி, தொட்டியை அள்ள ஆள் கூலி வேண்டும். இதற்குத் தலைக்கட்டுக்கு ஒரு தொகை வைப்பதா, அல்லது மீன்பாசியை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, ஏலம் விட ஊராட்சியிடம் கேட்டு அதிலிருந்து எடுப்பதா என்று பேச வேண்டும். மீன் விட்டால் தண்ணீர் கலங்கும் என்று பெண்கள் ஏற்கெனவே ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். இரண்டாவது, பிள்ளைகள் நீந்தும் பக்கம் மட்டுமாவது கம்பிவேலி வேண்டும் என்ற கோரிக்கை. மூன்றாவது, படித்துறையில் துணி துவைக்கலாமா கூடாதா என்பது. இந்த மூன்றாவதில் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

பில்கள், அளவுப் புத்தக நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் சாவடியில் வைக்கப்பட்டிருக்கின்றன. கூட்டம் வரை மாலை நேரங்களில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஊருணித் திருப்பணிக் குழு