தினமும் அதே நீலப் பாசி

நெல்லைப் பக்கம் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குப் பகல்நேர மையம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. டவுன் சிண்ட்ரோம். பேட்டையில் இருக்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் இலவசப் படிப்பு உரிமையை 18 வயதோடு முடித்துக்கொள்கிறது. அவனுக்கும் அந்த வயதில் பள்ளி முடிந்தது. அப்புறம் வீடு, டிவி, கூடிக்கொண்டே போன எடை. சரி, ஒரு மையத்தில் விடுவோம் என்று போன வருஷம் சேர்த்தோம்.

சுவர் முழுக்க ஆண்டு விழா போட்டோக்கள். வேலை, பாசிமணி கோர்ப்பது. நூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோர்ப்பான். மூன்றாவது மாதம் ஒரு நாள் கூப்பிடச் சீக்கிரமே போய்விட்டேன். அங்கிருந்த ஆயா, அவர்கள் கோர்த்து வைத்த மாலைகளை எல்லாம் கத்தரித்துப் பாசியைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வேணும்லா" என்றார். தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "தினமும் அதே நீலப் பாசிதாம்மா" என்றான். அவனுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் மூன்று மாதம் ஆனது. மறுநாள் அவன் பையை எடுக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

இப்போது மறுபடி தேடுகிறோம். அதனால்தான் இந்த மடல்.

விழா நாளில் எங்களைக் கூப்பிட வேண்டாம். ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்திலிருந்து மூன்று வரை நானும் அவனும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுங்கள். பதினொன்றரை மணிக்கு யார் என்ன செய்கிறார்கள், பாத்ரூமுக்கு யார் துணைக்குப் போகிறார்கள், கோபம் வந்தவனை எப்படி அமர்த்துகிறீர்கள், இவ்வளவுதான் பார்க்க வேண்டும். "வெளியாட்கள் இருந்தால் பிள்ளைகள் கவனம் சிதறும்" என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள்தானே, சிதறட்டுமே. பிடித்ததா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவன் அவன். மறுநாள் காலையில் அவனாகவே பையை எடுத்து வைத்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வேலை சின்னதாக இருக்கலாம். ஆனால் அதை வாங்கிக்கொள்ள வெளியே ஒரு ஆள் இருக்க வேண்டும். பக்கத்துப் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறார்கள். பட்டுப்பாய் நெய்வது அவனால் ஆகாது, எனக்கும் ஆகாது. கோரையை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுவது ஆகும். மருந்துக் கடைக்குக் காகிதக் கவர் ஒட்டுவதும் ஆகும். இருபது ரூபாய் கொடுத்தாலும் அவன் கையில் கொடுங்கள், என்னிடம் வேண்டாம்.

உடம்பு விஷயமும் ஒன்று உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவதும் காது மந்தமாவதும் சகஜம். நன்றாக வேலை செய்தவன் திடீரென்று தூங்கி வழிந்தால் சோம்பேறி என்று திட்டாமல் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களிடம் மறதி தெரிந்தாலும் அப்படித்தான். மறதி நோய் இவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே வந்துவிடுகிறது. யோகா வகுப்பில் டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணமும் சிரசாசனமும் வேண்டவே வேண்டாம். இவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும், தண்டுவடம் அடிபடலாம்.

அப்புறம், அவனைக் 'குழந்தை' என்று கூப்பிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே ஷேவ் செய்துகொள்கிறான். மீசையை மட்டும் தொட விடமாட்டான்.

எந்தச் செவ்வாய் வரலாம் என்று சொல்லுங்கள். எங்களுக்காக எதையும் ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டை நாங்களே தூக்குவாளியில் கொண்டுவந்துவிடுவோம். அன்றைக்கு அம்மா சொதி வைத்தால் அவன் பக்கத்தில் இருப்பவருக்கும் ஊற்றுவான், தடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பேட்டையிலிருந்து ஒரு அக்கா