கிணறு என்னுது, ஊத்து?

தாமரைப்பாக்கம்

அன்புள்ள சுமதி,

எட்டு மாசமா ஒரு வரி எழுதல. திட்டறதுன்னா நேர்ல வந்து திட்டு, அந்தச் சாக்குலயாவது வருவ. இங்க எல்லாரும் சௌக்கியம். அவருக்கு சுகர் அப்படியேதான், மாம்பழமும் அப்படியேதான். ராஜி பொண்ணுக்கு வரன் அமைஞ்சுடுச்சு. மாப்பிள்ளை அச்சு அசல் நம்ம பி.டி. சார், போட்டோவைப் பார்த்துச் சிரிச்சு மானம் போச்சு.

விஷயத்துக்கு வரேன். "ஒரு லோடு தண்ணிக்கு உயிரை வாங்கறாங்கடி"ன்னு போன கோடைல சென்னைலேர்ந்து போன்ல புலம்பினியே, அது எங்க கிணத்துத் தண்ணியாவே இருந்திருக்கலாம். ஆமா, நாங்களும் லாரிக்கு விக்கறோம். சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் எழுதல.

மல்லிக்கு விலை இல்ல, சின்னவளுக்கு ஃபீஸ் கட்டணும். லாரிக்காரர் லோடுக்கு 200 ரூபான்னார், ஒரு நாளைக்குப் பத்து லோடு. நாத்து வேண்டாம், களை வேண்டாம், கூலியாள் வேண்டாம். நீயா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்ப.

போன வாரம் பவுனம்மா பெரியம்மா குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வந்தாங்க. அவங்க வீட்டு அடி பம்புல இப்ப காத்துதான் வருது. லாரிக்கு ஹோஸ் போட்டிருந்துச்சு. டிரைவர் பையனுக்கு இருபது வயசுதான் இருக்கும், "பாட்டி, இது காசு குடுத்த தண்ணி, லோடு ஏறட்டும்"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். பெரியம்மா என்னைப் பார்த்தாங்க. நான் வாயே திறக்கல. 40 வருஷமா அந்தக் கிணத்துல மொண்டவங்க, குடத்தைக் கீழ வச்சுட்டு வேப்ப மரத்தடியில உட்கார்ந்துட்டாங்க. 12,000 லிட்டர் ஏற அரை மணி நேரம் ஆகும்டி. நான் மோட்டார் ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன்.

சட்டம் படிக்கற என் பொண்ணைக் கேட்டேன். "நம்ம நிலத்துக்கு அடியில இருக்கறதை நாம எடுத்துக்கலாம்மா, 1882 ஈஸ்மெண்ட் சட்டத்துலயே இருக்கு"ன்னா. அதே மூச்சுல, "2010-ல ஐ.நா. சபை குடிதண்ணி மனுஷ உரிமைன்னு தீர்மானம் போட்டுச்சு, 122 நாடு ஆதரவு, இந்தியாவும் அதுல உண்டு"ன்னா. ரெண்டும் எப்படிடி சரியாகும்னேன். "அதாம்மா எக்ஸாம்ல கேள்வி"ன்னு சிரிக்கறா.

கிணறு என்னுது, பட்டா இருக்கு. ஊத்து எங்க வரப்போட நின்னுடுமா? நான் இறைச்சா பெரியம்மா பம்புல காத்து வருது. மீஞ்சூர்ப் பக்கம் இறைச்சு இறைச்சே கடல் தண்ணி உள்ள ஏறுன கதை உனக்கே தெரியும். மோட்டார் ஓடறது விவசாயத்துக்குன்னு அரசாங்கம் குடுக்கற இலவச கரண்ட்ல. என் பங்குக்கு நான் சுவிட்சைத் தட்டறேன், அவ்வளவுதான்.

உடனே இவ கொடி பிடிக்கக் கிளம்பிட்டான்னு நினைக்காத. 2019-ல உங்க ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்துச்சே, அது சும்மாவா வந்துச்சு? குழாய்க்கு, பம்புக்கு, க்ளோரினுக்கு, ஆள் கூலிக்குக் காசு வாங்கட்டும், மீட்டரும் வைக்கட்டும். அரசாங்கமே 2013-ல 10 ரூபாய்க்கு குடிதண்ணி பாட்டில் வித்துச்சு, நாமளும் மலிவா இருக்கேன்னு பஸ் ஸ்டாண்டுல வாங்கிக் குடிச்சோம். ஆனா காசு வச்சிருக்கறவங்க லோடு லோடா ஏத்திக்கலாம், இல்லாதவங்க காலிக் குடத்தோட காத்துக் கிடக்கணும்னா எப்படிடி? அதுவும் என் கிணத்தடியிலயே.

லாரியை நிறுத்திடலாம்னு அவர்கிட்ட சொன்னேன். "ஃபீஸை யார் கட்டுவா?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல. இப்போதைக்குப் பத்து லோடை நாலாக்கியிருக்கேன். காலைல எட்டு மணி வரைக்கும் மோட்டார் ஊர்க் குடங்களுக்கு மட்டும்தான். எல்லாரும் வராங்க. பெரியம்மா வரல, பேத்தியை அனுப்பறாங்க.

2003-ல கட்டாயம்னு சொன்னாங்களே, அந்த மழைநீர்க் குழி உங்க அபார்ட்மெண்ட்ல உயிரோட இருக்கா, இல்ல அது மேல பைக் நிறுத்தியிருக்கீங்களா? பார்த்து எழுது. ராஜி வீட்டுக் கல்யாணம் ஆவணில. கண்டிப்பா வா. புளியோதரை இந்தத் தடவை நான் செய்யல, பயப்படாத.

உன்,
வசந்தி