ஆளில்லாத தீவைப் பார்த்துவிட்டு

ஃபுவாமுலா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சேவியர்,

நலம். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருப்பாளே, கணக்கு எப்படி எழுதினாளாம்? அதை முதலில் சொல்.

நீ அனுப்பிய மாலத்தீவுப் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். “நீ இருக்கிற சொர்க்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்” என்று சந்தோஷமாகத்தான் அனுப்பினாய். ஆனால் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இன்று இங்கே வார விடுமுறை, உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

இந்த மக்களுக்கு அவசரமே கிடையாது, தென்னை நிழலில் படுத்துக் கடலைப் பார்த்தே காலம் போகிறது என்று அந்தக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் நான்கு நாள் தங்கியது ரிசார்ட் தீவில். அங்கே குடிமக்களின் வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஒரு தீவுக்கு ஒரு விடுதி, அதுவும் ஆள் குடியிருக்காத தீவாகப் பார்த்து. 1972-இல் முதல் ரிசார்ட் தொடங்கியதிலிருந்து இதுதான் வழக்கம். (அதன் பெயர் குரும்பா. இந்த நாட்டு மொழியான திவேஹியில் இளநீர்க்காய். நம் குரும்பைதான் என்று எனக்குத் தோன்றும்.) மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009-க்கு அப்புறம்தான் வழி பிறந்தது. ஆளில்லாத தீவைப் பார்த்துவிட்டு அவர் ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்குத் தட்டு வைத்த பையன் ஊரை விட்டு, பிள்ளைகளை விட்டு, மாதக்கணக்கில் அங்கே கிடப்பவனாக இருந்திருப்பான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தலைநகர் மாலேயில் ஒரு நாள் இருந்திருந்தால் ‘அவசரமே கிடையாது’ என்று எழுதியிருக்க மாட்டார். கடலை நிரப்பிச் சேர்த்த நிலத்தையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர், அதற்குள் லட்சத்துக்கும் மேல் ஜனம். சந்து முழுக்க ஸ்கூட்டர். என் பக்கத்து வீட்டுக்காரர் மகளை மேல்படிப்புக்கு அங்கேதான் அனுப்பியிருக்கிறார். ஒரு அறைக்குக் கொடுக்கிற வாடகையில் அவர் சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. அந்த அம்மா மகளோடு மாலேயில், இவர் தனியாக இங்கே. தீவுக்குத் தீவு இப்படிப் பிரிந்து கிடக்கிற குடும்பங்கள் எத்தனையோ.

தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். மாலே குடிப்பது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்து நகரம் முழுக்கக் குழாய் வறண்டது. நம் நாட்டிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனதே, ஞாபகம் இருக்கிறதா? சுற்றிலும் கடல், கையில் குடத்தோடு வரிசை. இந்த ஊர்க்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஃபுவாமுலா வேறு மாதிரி. தனித்தீவு, உள்ளே இரண்டு நன்னீர் ஏரி. சேப்பங்கிழங்கு விளைகிறது, மாம்பழம் கிடைக்கிறது. விமானம் வந்தது 2011-இல்தான். அதற்கு முன்பு துறைமுகமும் சரியாக இல்லாத காலத்தில், பாறைத்திட்டில் அலை மோதும்போது படகிலிருந்து கர்ப்பிணிகளை எப்படி இறக்குவார்கள் என்று என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் மஸ் ஹுனியும் (சூரை மீனும் தேங்காய்த் துருவலும் பிசைந்தது) ரொஷியும் (நம் சப்பாத்தி மாதிரி) சாப்பிட்டுவிட்டு என் மாணவர்கள் ஏழு மணிக்கு வகுப்பில் இருப்பார்கள். தென்னை நிழலில் படுத்திருக்கும் ஒருவனையும் நான் பார்க்கவில்லை.

இன்னொரு வகை எழுத்தும் உண்டு. ‘மூழ்கப்போகும் நாடு, அதற்குள் பார்த்துவிடுங்கள்’ என்பார்கள். கடல் ஏறுவது உண்மை. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர்கூட மேலே இல்லை. அதை உலகத்துக்குச் சொல்லத்தான் 2009-இல் இவர்களுடைய மந்திரிசபை கடலுக்கடியில் கூடியது. ஆனால் அதே ஆட்கள்தான் கடலை நிரப்பி ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவை எழுப்பினார்கள், 2018-இல் அதற்கும் மாலேக்கும் நடுவே பாலமும் திறந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, சேவியர். பத்தாம் வகுப்பில் ஒரு பெண், “சார், நாங்கள் பெரியவர்களாகும்போது இந்தத் தீவு இருக்காதாமே?” என்று கேட்டாள். எதையோ படித்துவிட்டு வந்து கேட்கிறாள். அன்று எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை.

உண்மையில் அந்தக் கட்டுரையாளரைவிட உனக்கு இந்த நாட்டை நன்றாகத் தெரியும். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜல்லி என்று உன் துறைமுகத்தில் ஏற்றுகிறாயே, அதில்தான் இங்கே குழம்பும் கொதிக்கிறது, வீடும் எழும்புகிறது. கப்பல் நாலு நாள் தாமதமானால் கடையில் வெங்காய விலை என்ன ஆகிறது என்று நான் எழுதினால், அது உனக்குச் சட்டென்று புரியும்.

ஜூனில் லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை. வந்தால் அம்மாவுக்கு நல்ல மாசிக் கருவாடு கொண்டுவருகிறேன் என்று சொல். அப்புறம் அந்தக் கணக்குப் பரீட்சை விஷயத்தை மறக்காமல் எழுது.

உன்,
ராஜன்