காசினோ பாதையை வெட்டியவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போரின் மாண்டே காசினோ போரைப் பற்றி வந்த கட்டுரையில், டாங்கிகள் ஏறிச் சென்ற மலைப்பாதையை நியூசிலாந்துப் பொறியாளர்கள் அமைத்ததாக எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை.

1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இத்தாலியின் அந்த மலையைத் தாக்கிய நியூசிலாந்துக் கோரில் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை), ஜெனரல் பிரேபர்க்கின் தலைமையின்கீழ் 2வது நியூசிலாந்து டிவிஷனும் 4வது இந்திய டிவிஷனும் சேர்ந்தே இருந்தன. கைரா கிராமத்திலிருந்து மேலேறிய கழுதைத் தடத்தை, எதிரிகளான ஜெர்மானியரின் பார்வை படும் இடங்களில் உருமறைப்பு வலை கட்டி, டாங்கி போகும் அகலத்துக்கு வெட்டியவர்கள் 4வது இந்திய டிவிஷனின் சாப்பர்களும் (ராணுவப் பொறியியல் படையினர்) அவர்களுக்குத் துணைநின்ற நியூசிலாந்துப் பொறியாளர்களும் ஆவர். மெட்ராஸ் சாப்பர்களின் 12வது பீல்டு கம்பெனி அந்த டிவிஷனைச் சேர்ந்ததுதான். மேலே டாங்கிகள் கூடிய இடத்துக்கே 'மெட்ராஸ் சர்க்கஸ்' என்று பெயர். (கூடாரம் போட்ட சர்க்கஸ் அல்ல, சாலைகள் கூடும் வட்டம்.)

காங்கயம் பக்கம் கிணறு வெட்டும் கூட்டத்தில் இருந்து பட்டாளத்துக்குப் போன எங்கள் அப்பாரு (தாத்தா) அந்தக் கம்பெனியில் இருந்தவர். உளியை ஒருவர் பிடிக்க மற்றவர் சம்மட்டி அடிப்பார். அடி விலகினால் பிடித்தவரின் மணிக்கட்டு போய்விடும். பேச்சுப் புரியாத ஒரு நியூசிலாந்துக்காரருக்கு அப்படி உளி பிடித்ததை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பாறை நம்மூர்க் கிணற்றுப் பாறை மாதிரியேதான், மேலிருந்து குண்டு விழுவது ஒன்றுதான் வித்தியாசம் என்பார்.

மார்ச் 19 அன்று அமெரிக்க, நியூசிலாந்து, இந்திய டாங்கிகள் அப்பாதையில் ஏறின. உடன் காலாட்படை செல்லாததால் தாக்குதல் தோற்றது. மே மாதம் போலந்து டாங்கிகளும் அதே பாதையில்தான் சென்றன.

இத்தாலியில் தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்கள் 500க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சாங்ரோ ஆற்று நினைவிடத்தில் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கோவை, சேலம் மாவட்டப் பெயர்களை அங்கே தேடிப் பார்க்கும்படி வாசகர்களுக்குத் தெரிவிப்பதோடு, அந்த ஒரு வரியையும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டையுள்ள அப்பாருவின் இத்தாலி நட்சத்திரப் பதக்கத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதுவரை கபடிப் பரிசு என்றே எண்ணியிருந்தார்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
காங்கயம்.