சேர்ட்டிபிகேட் தருவினமோ என்று கேட்ட தம்பிக்கு

தம்பி,

போன கிழமை சனசமூக நிலைய வாசலில், ஊரோடு சேர்ந்து கூலியில்லாமல் செய்கிற சிரமதானத்துக்குப் பெயர் எழுதும்போது "அண்ணை, சேர்ட்டிபிகேட் தருவினமோ?" என்று கேட்டாய். பெடியள் சிரித்துவிட்டார்கள், உன் முகமும் கறுத்துப்போனது. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஏ.எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவனுக்கு நாளைக்கு இன்டர்வியூவில் நீட்ட ஒரு கடதாசி வேண்டும்தானே. தருவார்களோ தெரியாது. எனக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

போர் முடிந்து 2010இல் மீள்குடியேறி வந்தபோது எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. காணி அம்மாவுடையது, நாங்கள் வளர்ந்தது வேறு இடத்தில். எட்டு வருசம் இருந்தும் கோயிலில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. பிறகு 2018 மார்கழி வெள்ளம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பக்கமெல்லாம் வயலும் வீடும் ஒரே தண்ணீராய்க் கிடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும், அப்போது நீ சின்னப் பெடியன். வெள்ளம் வடிந்த பிறகுதான் வேலை தொடங்கியது. கக்கூஸ் குழித் தண்ணீரும் செத்த கோழியும் போய்ச் சேர்ந்த கிணறுகள், குடிக்க ஒரு வாளி நல்ல தண்ணீர் இல்லை.

கிணறு இறைப்பது நீ நினைக்கிற மாதிரி லேசான வேலை இல்லை. பம்பை உள்ளே இறக்கக் கூடாது, மேலேதான் வைக்க வேண்டும். என்ஜின் புகை கிணற்றுக்குள் தங்கினால் இறங்கியவன் மயங்கி விழுவான், அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். ஒரேயடியாய் வற்ற இறைக்கவும் கூடாது, சுற்றி மண் ஊறிப்போய் இருக்கிற நேரத்தில் உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் கட்டு சரிந்துவிடும். இதையெல்லாம் சொல்லித் தந்தது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு ஐயா. பிறகுதான் சேறு அள்ளுவது, குளோரின் போடுவது.

மூன்றாவது கிணறு தனியாய் இருந்த ஒரு அம்மாவின் வளவில். சேற்று வாளியோடு ஒரு செம்பு வந்தது, பாசி பிடித்து, வாய் நெளிந்து. "இடம்பெயரேக்க நான்தான் போட்டனான்" என்றா. மீள்குடியேறி வந்து இறைத்தபோது அகப்படாதது. நாங்கள் பிளேன்டீ குடித்து முடியும்வரை அதைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தா. இப்போது அவதான் என் மகளுக்கு அம்மம்மா; நானும் மனுசியும் வயலுக்குப் போனால் பிள்ளை அங்கேதான் சாப்பிடும்.

எல்லாச் சிரமதானமும் இப்படி என்று நினைத்துவிடாதே. ஒருமுறை நாங்கள் இரண்டு நாள் துப்புரவாக்கிய வாய்க்காலில் ஒரு அமைப்பு வந்து பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனது, மண்வெட்டியைத் தொடவே இல்லை. அப்புறம், சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய குப்பை அள்ளலை மாதாமாதம் நாங்கள் செய்து கொடுப்பதும் எனக்குப் பிடிக்காது. ஒருக்கால் செய்யலாம், மறுக்கால் போய்க் கேட்க வேண்டும்.

சரி, ஞாயிறு காலை ஆறரைக்குக் குளக்கட்டடிக்கு வா, மழைக்கு முன் வாய்க்கால் வெட்டி முடிக்க வேண்டும். செருப்போடு வராதே, பூட்ஸ் மேலதிகமாய் ஒன்று என்னிடம் இருக்கிறது, உன் கால் அளவைச் சொல். காலில் புண் இருந்தால் சேற்றுக்குள் இறங்காதே, எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. கரையில் நின்று பற்றை வெட்டு. கடதாசி விசயத்தைத் தலைவரிடம் நானே கேட்கிறேன்.

அண்ணை