சரிபாதி பார்க்கிற தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சிஎம்எஸ் (பிரிந்த பெற்றோரில் யார் பிள்ளைச் செலவுக்கு எவ்வளவு கட்டவேண்டும் என்று கணக்குப் போடும் பிரிட்டிஷ் அரச சேவை) அனுப்பிய கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர், கூடவே கோபத்தில் நாலு வரியும். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு கிழமை என்னிடம், மறு கிழமை தாயிடம், பிறகு எதற்கு நான் கிழமைக்கு 42 பவுண் கட்ட வேண்டும் என்று கேட்கிறீர். நியாயமான கேள்விதான். லண்டனில் இதே கேள்வியோடு இன்னும் கொஞ்சப்பேர் இருப்பதால், உம்முடைய பேரைப் போடாமல் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில், பிள்ளைகளின் தாய் வேண்டுமென்று உம்மை மாட்டிவிட்டா என்கிற கதையை விடும். விண்ணப்பம் போட்டது அவதான், தொகை வந்தது சூத்திரத்தில். உமக்கு வரிக்கு முந்திய வருமானம் கிழமைக்கு 700 பவுண். 800 வரைக்கும் இரண்டு பிள்ளைக்கு 16 வீதம், ஆக 112. வருடத்தில் 175 இரவோ அதற்கு மேலோ உம்மிடம் தங்கினால் அதில் பாதி கழியும், அதற்கு மேலே பிள்ளைக்கு 7 பவுண் படியும் கழியும். 56இல் 14 போனால் 42. கணக்கு சரி. பிழை இருந்தால் அது அதற்கு முந்தின படியில்தான்: உம்மைக் கட்டவேண்டியவர் என்று எடுத்ததில்.

இந்தத் தொகையைக் கணக்கிடும் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் 50ஆவதைப் பாரும். மற்றவரைவிடக் குறைவாகப் பிள்ளையைப் பார்ப்பவர்தான் கட்டவேண்டியவர். இரண்டு பேரும் உண்மையிலேயே சரிசமமாகப் பார்த்தால் அப்படி ஒருவரும் இல்லை, அவர்கள் கணக்கில் தொகை பூச்சியம். ஆனால் அதே விதி, பிள்ளைக்கென்று அரசு தரும் உதவிப்பணமான சைல்ட் பெனிபிட் யாருக்குப் போகிறதோ அவர்தான் கூடுதலாகப் பார்க்கிறார் என்று, மாறாக ஆதாரம் வரும்வரை எடுத்துக்கொள்ளும். சைல்ட் பெனிபிட்டோ ஒரு பிள்ளைக்கு ஒருவருக்குத்தான் தருவார்கள், பாதி பாதியாக வெட்ட முடியாது. நம்முடைய வீடுகளில் அது பிள்ளை பிறந்த நாளிலிருந்து தாயின் வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும், பிரிந்த பிறகும் ஒருவரும் அதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.

ஆக நீர் ஆதாரம் காட்டவேண்டும், அதுவும் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு. அங்கேயும் இல்லை என்றால் அப்புறம் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். காலண்டரில் இரவுகளை வட்டம் போட்டு அனுப்பினால் மட்டும் காணாது, தம்பி. பகலில் யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் வேலையை விட்டு ஓடுவது யார்? ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) கூட்டிக்கொண்டு போவது யார்? சப்பாத்து, யூனிபோர்ம், மத்தியானச் சாப்பாட்டுக் காசு, நீச்சல் வகுப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், இதெல்லாம் யார் கையால் நடக்கிறது? பள்ளிக்கூடம் அனுப்பும் ஈமெயில்களில் உம்முடைய முகவரியும் இருக்கிறதா? அந்த ஈமெயில்கள், வங்கிக் கணக்கின் பக்கங்கள், அவவோடு மாற்றிக்கொண்ட வாட்ஸ்அப் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி வையும். உண்மையில் இதெல்லாம் அவ ஒருத்தி செய்துகொண்டு, நீர் படுக்கையும் சாப்பாடும் மட்டும் கொடுக்கிறீர் என்றால், 42 பவுண் சரியான தொகைதான், பேசாமல் கட்டும்.

சரி, பூச்சியம் ஆகிவிட்டது என்று வைப்போம். இனித்தான் நான் சொல்லவந்த விசயம். இந்தச் சட்டம் யார் எவ்வளவு பிள்ளையைப் பார்க்கிறார் என்றுதான் பார்க்கிறது, இரண்டு வீட்டு வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அவ பகுதிநேர வேலை, உம்முடைய சம்பளத்தில் பாதியும் வராது. இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கட்டில் வேண்டும், ஹீட்டிங் வேண்டும், மழைக்கோட்டு ஒன்று அங்கே மறந்துபோனால் இங்கே இன்னொன்று வேண்டும். சைல்ட் பெனிபிட்டும், குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைகளுக்கான பங்கும் அவவுக்குப் போகிறது, அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. சேர்த்துப் பார்த்த பிறகும் அவ பக்கம் இறுக்கமாக இருந்தால், சட்டம் பூச்சியம் என்றது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. (கல்யாண வீட்டில் "ஆம்பிளை எண்டா காசு குடுக்கத்தான் வேணும்" என்கிற மாமிமாரின் கட்சியில் நான் இல்லை. அவ உம்மைவிடக் கூடுதலாக உழைத்தால் இதையே அவவுக்கும் எழுதுவேன்.)

இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, பள்ளிக்கூடச் சுற்றுலா, சப்பாத்து, ரியூசன் மாதிரிப் பொதுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கைத் திறந்து, சம்பள விகிதப்படி போடுங்கள். இரண்டு பங்கு உழைக்கிறவர் இரண்டு பங்கு. இன்னொரு வழி, இரண்டு பேரும் சம்மதித்தால் ஆளுக்கு ஒரு பிள்ளைக்கு சைல்ட் பெனிபிட் எடுக்கலாம், அப்போது இரண்டு வீட்டிலும் மூத்த பிள்ளைக்கான கூடிய தொகை வரும். ஆனால் அது அவவுடைய யூனிவர்சல் கிரெடிட்டில் கைவைக்கக் கூடும், சிஎம்எஸ் கணக்கையும் மாற்றலாம், அதனால் ஒரு ஆலோசகரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

பேசி முடித்ததை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கோர்ட்டில் சம்மத உத்தரவாகவும் எடுக்கலாம், ஆனால் அதுவும் நிரந்தரமில்லை, 12 மாதம் போனால் இரண்டு பேரில் ஒருவர் திரும்பவும் சிஎம்எஸ்ஸிடம் போகலாம். அதனால் ரசீதுகளை எறியவேண்டாம். கடிதத்தில் திகதி இருக்கிற மூலையைப் படத்தில் வெட்டிவிட்டீர், அதை இன்றைக்கே எனக்கு அனுப்பும்.

அன்புடன்,
அக்கா