கரண்ட் வைத்து முடிந்த பிறகும் எடை பாருங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துப் பிழைத்த பெண்களுக்காக எழுதுகிறேன். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். நோய் திரும்பவில்லை, அதற்கு என்றைக்கும் நன்றி. ஆனால் சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு பேதி ஆரம்பித்தது. உடம்பு கரைந்துகொண்டே போனது. ஒவ்வொரு செக்கப்பிலும் ஸ்கேனைப் பார்த்து, "நன்றாக இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவும் சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனை முறை கழிவறைக்குப் போகிறோம் என்று எந்தப் பெண் தானாகச் சொல்வார்? பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று செக்கப் நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பட்டினியோடு வந்து உட்காருகிறவரிடம் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது.

இடுப்புக்கு வைக்கும் கதிர்வீச்சு சிறுகுடலையும் தாக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட ரத்தக்குழாய்கள் சுருங்கிக் குடல் சுவர் தடித்துப்போகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பி12 வைட்டமினையும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பையும் உறிஞ்சும் இடம். அது கெட்டால் பித்த உப்பு பெருங்குடலுக்கு இறங்கிப் பேதியாகிறது. கல்லீரலில் இருப்பு இருப்பதால் பி12 குறைவு தெரியவே சில வருடங்கள் ஆகலாம். பித்த உப்புக்குக் கொலஸ்டிரமின் என்ற மருந்து, சிறுகுடலில் கிருமி பெருகியிருந்தால் ஆன்டிபயாடிக், பி12க்கு ஊசி என்று தனித்தனி வழி இருக்கிறது. பேதியை நிறுத்தும் மாத்திரையோடு மட்டும் அனுப்பினால் காரணம் கடைசிவரை தெரியாது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். "கீரை, பழம் நிறைய சாப்பிடுங்க" என்று எல்லோருக்கும் ஒரே பேச்சு. குடல் சுருங்கியவருக்கு அந்த நாரே அடைப்பாகி வலியும் வாந்தியும் வரும். குழைந்த சாதம், முட்டை, மீன், தோலும் விதையும் எடுத்த காய் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல உணவு ஆலோசகர் வேண்டும். இல்லாவிட்டால் பயத்தில் அவர்களே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

செக்கப்புக்கு வரும்போதெல்லாம் எடை பார்த்து, பழைய சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். ராத்திரியில் எழுந்து போக வேண்டியிருக்கிறதா, அடக்க முடிகிறதா என்று நீங்களே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பி12 பாருங்கள். எடை இறங்கினால் குடல் மருத்துவரிடம் அனுப்புங்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறது. அப்படி வருகிறவர்கள் இந்தப் பெண்களின் எடையையும் குறித்துக்கொள்ள ஒரு உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்